சிற்றூர்களைத் தேடிச் சென்ற விஞ்ஞானி: வால்டெமர் ஹாப்கின்

கொள்ளைநோய்களின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் நகரங்களின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். லண்டன், ஹாங்காங், பம்பாய் என்று பெருநகரங்களின் பெயர்களே அந்த ஏடுகளில் நிறைந்திருக்கின்றன. இதில் வியப்பில்லை. நகரத்தில் மருத்துவமனை உண்டு, பத்திரிகை உண்டு, இறந்தவர்களை எண்ணி எழுத ஆள் உண்டு. ஆனால் நூறு வீடுகள் மட்டுமே உள்ள சிற்றூருக்கும், மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் பத்துக் குடிசைகளுக்கும் நோய் போகாமல் இருப்பதில்லை. பாதை இல்லை என்று நோய் திரும்பிவிடுவதில்லை. மருந்துதான் திரும்பிவிடுகிறது.

அத்தகைய இடங்களில் மூன்று கேள்விகள் எழுகின்றன. மருந்தை அங்கே கொண்டு போவது யார்? கொண்டு போனாலும், முன்பின் அறியாத ஒருவன் நீட்டும் ஊசியை மக்கள் ஏன் நம்ப வேண்டும்? நம்பி ஏற்றுக்கொண்டாலும், அது பயன் தந்ததா இல்லையா என்று அறிவது எப்படி? இந்த மூன்று கேள்விகளுக்கும் நம் நாட்டின் மண்ணிலேயே விடை தேடியவர் வால்டெமர் ஹாப்கின். காலரா, பிளேக் ஆகிய இரு பெருங்கொள்ளைநோய்களுக்கும் தடுப்பூசி செய்து தந்தவர் அவர். அவர் மருத்துவர் அல்லர்; விலங்கியல் பயின்றவர். அறிவியல் மாணவர்களாகிய நமக்கு அவருடைய வாழ்வில் கற்க வேண்டியவை பல உள்ளன. அவற்றுள் சில இனிமையானவை அல்ல.

இளமை

ஹாப்கின் 1860-ம் ஆண்டு மார்ச் 15-ம் நாள் கருங்கடற்கரையில் உள்ள ஒடெஸ்ஸா நகரில் பிறந்தார். இன்று உக்ரைனைச் சேர்ந்த அந்நகரம் அன்று ருஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. அவர் பிறந்தது ஒரு யூத வணிகக் குடும்பம். பெர்தியான்ஸ்க் என்னும் சிறு துறைமுகப் பட்டினத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, 1879-ம் ஆண்டு ஒடெஸ்ஸாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் மெச்னிக்காவ். வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை விழுங்கும் விந்தையை உலகுக்கு உணர்த்தி, 1908-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் அவர்.

அந்நாளில் ருஷ்யப் பல்கலைக்கழகங்களில் அமைதி இல்லை. 1881-ம் ஆண்டில் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டதைத் தொடர்ந்து, யூத மக்களின் வீடுகளும் கடைகளும் பல ஊர்களில் சூறையாடப்பட்டன. ஒடெஸ்ஸாவில் யூதர்கள் தங்களைக் காத்துக்கொள்ள அமைத்த காவற்குழுவில் ஹாப்கினும் சேர்ந்தார். காயம் பட்டார், சிறைப்பட்டார். மெச்னிக்காவ் தலையிட்டதால் விடுதலை பெற்றார். படிப்பில் அவர் முதல் வரிசையில் நின்றபோதிலும், பேராசிரியர் பதவியை நோக்கிச் செல்ல ருஷ்யக் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவ வேண்டியிருந்தது. அவர் மறுத்துவிட்டார். ஒடெஸ்ஸாவின் விலங்கியல் காட்சிசாலையில் ஒரு சிறு பணியே அவருக்குக் கிடைத்தது. அங்கே ஓரணு உயிர்களை ஆராய்ந்துகொண்டு ஆண்டுகளைக் கழித்தார்.

1888-ம் ஆண்டில் அவர் தாய்நாட்டை விட்டு ஜெனீவாவுக்குச் சென்றார். அடுத்த ஆண்டு பாரிஸ் நகரை அடைந்தார். மெச்னிக்காவ் அதற்குள் அங்கிருந்த பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் இடம் பெற்றிருந்தார். ஆனால் மாணவருக்குக் கொடுக்க அங்கே காலியாக இருந்தது நூலகத்தில் ஓர் உதவியாளர் வேலை மட்டுமே. முனைவர் பட்டம் பெற்ற ஹாப்கின் அதைத் தயங்காமல் ஏற்றார். பகலில் புத்தகங்களை அடுக்கினார். ஓய்வு நேரமெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். வயலின் வாசிப்பது ஒன்றே அவருக்கு இருந்த பொழுதுபோக்கு.

காலரா ஊசி

அந்நாளில் ஐந்தாவது காலராக் கொள்ளைநோய் உலகை வலம் வந்துகொண்டிருந்தது. 1892-ம் ஆண்டில் அது ருஷ்யாவிலும் ஹாம்பர்க் நகரிலும் பெருநாசம் விளைவித்தது. காலராக் கிருமியை ராபர்ட் காக் முன்பே அடையாளம் காட்டியிருந்தார். அதைக் கொண்டே நோயைத் தடுக்கலாம் என்ற எண்ணமும் புதிதன்று. ஸ்பெயின் நாட்டில் பெரான் என்பவர் 1885-ம் ஆண்டிலேயே முயன்றிருந்தார். ஆனால் கிருமியின் வீரியத்தை அளவாக நிறுத்தும் வழி தெரியாமல் அம்முயற்சி ஐயத்துக்கு இடமாகிவிட்டது.

ஹாப்கின் செய்தது இது. கிருமியைக் கினிப்பன்றியின் வயிற்றறையில் செலுத்தி, அதிலிருந்து எடுத்து அடுத்ததற்குச் செலுத்தி, இப்படி முப்பத்தொன்பது முறை மாற்றி அதன் வீரியத்தை மிகுதியாக்கினார். மற்றொரு பக்கம், 39 பாகை வெப்பத்தில் காற்றோட்டமாக வளர்த்து வீரியத்தைக் குறைத்தார். முதலில் வீரியம் குறைந்ததை ஊசியால் செலுத்துவது. சில நாள் கழித்து வீரியம் மிகுந்ததைச் செலுத்துவது. உடல் முதலாவதைக் கொண்டு பழகி, இரண்டாவதைக் கொண்டு உறுதி பெறும்.

விலங்குகளிடம் பலித்த இம்முறை மனிதரிடம் பலிக்குமா? யாரிடம் சோதிப்பது? 1892-ம் ஆண்டு ஜூலை 18-ம் நாள் ஹாப்கின் தம் உடம்பிலேயே ஊசியைச் செலுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, வலித்தது, சில நாட்களில் தெளிந்தார். பிறகு நண்பர்கள் சிலரும் முன்வந்தனர். இந்த ஒரு செயல் அவருடைய வாழ்நாள் முழுவதற்கும் ஒரு விதியாக நின்றது. பிறர் கையில் குத்துமுன் தம் கையில் குத்திக்கொள்வது என்பதே அந்த விதி.

மருந்தை ருஷ்ய அரசுக்கு அளிக்க முன்வந்தார், அது ஏற்கவில்லை. அச்சமயம் பாரிசில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர் டப்ரின் பிரபு. முன்பு இந்தியாவின் வைசிராயாக இருந்தவர். காலராவின் தாயகம் வங்காளம் என்பதை அறிந்த அவர் ஹாப்கினை இந்தியாவுக்குச் செல்லத் தூண்டினார். 1893-ம் ஆண்டு மார்ச் மாதம் ஹாப்கின் கல்கத்தாவில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று.

ஊர் ஊராக

அடுத்த இரண்டரை ஆண்டுகள் அவர் ஓரிடத்தில் தங்கவில்லை. ஆக்ராவில் தொடங்கி வட இந்தியாவின் நகரங்கள், படைமுகாம்கள், சிறைகள், சிற்றூர்கள் என்று சுற்றினார். முதல் ஆண்டிலேயே இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டனர். 1895-ம் ஆண்டின் நடுவில் அத்தொகை நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. எவரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவரும் அதை விரும்பவில்லை. விரும்பி வந்தவர்களுக்கே ஊசி.

எண்ணிக்கை பெருகியதே தவிர, ஐயம் தீரவில்லை. ஊசி போட்டுக்கொண்ட ஊர்களில் அந்த ஆண்டு காலரா வராமலே போய்விட்டால், மருந்தின் பயனை எப்படி அறிவது? இக்கேள்விக்கு விடை கல்கத்தாவின் சேரிகளில் கிடைத்தது. குளத்து நீரையே குடித்து, அதிலேயே குளித்து வாழ்ந்த அம்மக்களை ஆண்டுதோறும் காலரா தாக்கியது. நகரச் சுகாதார அதிகாரியான சிம்சனின் துணையுடன் 1894-ம் ஆண்டு மார்ச் மாதம் ஹாப்கின் அங்கே நுழைந்தார். ஒரு சேரியில் மக்கள் கல்லெறிந்தனர். அவர் ஓடவில்லை. மக்கள் பார்க்கத் தம் உடம்பிலேயே ஊசி குத்திக்கொண்டார். உடன் வந்த வங்காள மருத்துவர்களும் அவ்வாறே செய்தனர். கூட்டம் அமைதி அடைந்தது. கட்டல் பகான் என்னும் சேரியில் இருந்த சுமார் இருநூறு பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அடுத்த சில வாரங்களில் அச்சேரியில் மீண்டும் காலரா புகுந்தபோது ஏழு பேர் இறந்தனர். அந்த ஏழு பேரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள்.

இங்கே ஹாப்கின் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். லட்சம் பேர் வாழும் நகரத்தில் கணக்கு கலங்கிவிடுகிறது. யார் எங்கிருந்து வந்தார், எங்கே போனார் என்பது தெரிவதில்லை. சிறு கூட்டமாக ஒரே நீரைக் குடித்து, ஒரே கூரையின்கீழ் வாழும் மக்களிடம் கணக்கு தெளிவாகிவிடுகிறது. நோயைத் தடுப்பதற்குத் தடையாக நாம் நினைக்கும் சிறுமையும் தனிமையும், நோயை அறிவதற்குத் துணையாகின்றன.

இந்த உண்மையே அவரை அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களுக்கு இட்டுச் சென்றது. காடு சூழ்ந்த மலையடிவாரங்கள் அவை. ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் இடையே நெடுந்தூரம். சோட்டா நாகபுரியிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் ஆள்பிடித்துக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் ஆற்றுப் படகுகளில் நெருக்கியடித்து வந்தனர். அவர்களுடன் காலராவும் வந்தது. மூணாற்றிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்ட லயன்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. வரிசை வீடுகள், அருகில் ஓர் ஓடை, அந்த ஓடையே எல்லாவற்றுக்கும்.

ஹாப்கின் அங்கே கையாண்ட முறை எளியது. ஒரே வரிசையில் வாழ்வோரில் ஒரு பகுதியினர் ஊசி போட்டுக்கொள்வர், மற்றவர் போட்டுக்கொள்ளார். உணவும் நீரும் இருவர்க்கும் ஒன்றே. நோய் வந்தால் யாருக்கு வந்தது என்று குறித்து வைக்க வேண்டும். தோட்டத்து மருத்துவர்கள் அவ்வாறே குறித்து வைத்தனர். ஊசி போட்டுக்கொண்டோரிடையே நோய் குறைவாகவே இருந்தது. ஆனால் அந்தக் காடுகள் ஹாப்கினிடமும் வரி வாங்கிவிட்டன. மலேரியா பற்றிக்கொண்டு உடல் நலிந்து, 1895-ம் ஆண்டு அவர் ஐரோப்பா திரும்ப நேர்ந்தது. ஓய்வு கொள்ளும்படி மருத்துவர்கள் கூறியும் கேளாமல், அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியா வந்துவிட்டார்.

பிளேக்

1896-ம் ஆண்டு செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் டாக்டர் வியேகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தார். இரண்டாண்டுகளுக்கு முன் ஹாங்காங்கைப் பாழாக்கிய அதே நோய். மக்கள் நகரைவிட்டு ஓடினர். அரசாங்கம் 1897-ம் ஆண்டில் கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. வீடுகளில் புகுந்து சோதிப்பதும், நோயாளிகளையும் உடனிருந்தோரையும் பிரித்துக் கொண்டுபோவதும் சட்டத்தின் பெயரால் நடந்தன. பூனாவில் இதனால் எழுந்த கொதிப்பு அதிகாரி ராண்டின் கொலையில் போய் முடிந்தது. அதே சட்டம் 2020-ம் ஆண்டிலும் நம் நாட்டில் எடுத்தாளப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

ஹாப்கின் வேறு வழியில் சென்றார். 1896-ம் ஆண்டு அக்டோபரில் பம்பாய் வந்த அவருக்குக் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் தரப்பட்டன. உதவிக்கு ஓர் எழுத்தரும் மூன்று ஏவலரும். அந்த அறையில் மூன்றே மாதங்களில் பிளேக் தடுப்பூசி உருவாயிற்று.

அதன் செய்முறை அறியத்தக்கது. கிருமியை வளர்க்க இறைச்சிச் சாறு வேண்டும். மாட்டிறைச்சியை இந்துக்களும் பன்றியிறைச்சியை முஸ்லிம்களும் ஏற்கமாட்டார்கள் என்பதால் அவர் ஆட்டிறைச்சியைக் கொண்டார். சாற்றின் மேற்பரப்பில் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். அந்தத் துளிகளைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுதுகள்போல் கீழ்நோக்கி வளர்ந்தன. வளர்ந்தவற்றை ஆட்டிக் கலைத்து, மீண்டும் வளரவிட்டு, இறுதியில் வெப்பத்தால் கொன்றார். காலரா ஊசியில் இருந்தது உயிருள்ள கிருமி; அதைச் செல்லும் இடமெல்லாம் உயிருடன் காத்து வளர்க்க வேண்டியிருந்தது. பிளேக் ஊசியில் இருந்ததோ செத்த கிருமி. புட்டியில் அடைத்துத் தொலைதூரத்துக்கு அனுப்பலாம். சிற்றூர்களுக்கு மருந்து சென்று சேர இந்த ஒரு மாறுதல் பெரிதும் உதவிற்று.

1897-ம் ஆண்டு ஜனவரி 10-ம் நாள், பிறருக்குக் கொடுக்கக் கருதிய அளவைவிட மிகுதியான மருந்தைத் தம் உடம்பில் ஏற்றிக்கொண்டார். அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் பிளேக் புகுந்தது. கைதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் விரும்பி ஊசி போட்டுக்கொண்டனர். போட்டுக்கொள்ளாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தனர். போட்டுக்கொண்டவர்களில் இருவருக்கே நோய் கண்டது, ஒருவரும் இறக்கவில்லை. இதன்பின் ஆகாகான் தாமே ஊசி போட்டுக்கொண்டு, தம் சமூகத்தாரையும் போட்டுக்கொள்ளச் செய்து, ஆய்வுக்கூடத்துக்குத் தம் மாளிகை ஒன்றையும் கொடுத்தார். 1899-ம் ஆண்டில் ஆய்வுக்கூடம் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகைக்கு மாறியது.

உந்தேரா

ஹாப்கினின் பணிகளுள் மிகச் சிறந்தது எது என்று கேட்டால், பம்பாயில் செய்ததைச் சொல்லமாட்டேன். பரோடா சமஸ்தானத்தில் உந்தேரா என்னும் சிற்றூரில் செய்ததையே சொல்வேன். சுமார் ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர் அது. 1898-ம் ஆண்டு பிப்ரவரியில், ஊரில் பிளேக் நடமாடிக்கொண்டிருந்தபோதே ஹாப்கின் அங்கே சென்றார்.

முதலில் ஊர்க்கணக்கு எடுக்கப்பட்டது. வீடு வீடாகக் குடும்பத்தார் அழைக்கப்பட்டனர். ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிப்பேருக்கு ஊசி. ஆண், பெண், குழந்தை, வலியவர், மெலிந்தவர் என்று எல்லா வகையினரும் இரு பக்கமும் சமமாக இருக்குமாறு பார்த்துக்கொண்டார். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே எலிவளை. வேறுபாடு ஊசி ஒன்றே. ஏறத்தாழ ஆறு வாரங்கள் கழித்து அதிகாரிகள் அவ்வூருக்குச் சென்று வீடுவீடாக விசாரித்தனர்.

பிளேக் தாக்கியது 28 குடும்பங்களை. அக்குடும்பங்களில் ஊசி போட்டுக்கொண்டோர் 71 பேர். போட்டுக்கொள்ளாதவர் 64 பேர். போட்டுக்கொள்ளாத 64 பேரில் 27 பேருக்கு நோய் கண்டு 26 பேர் மாண்டனர். போட்டுக்கொண்ட 71 பேரில் 8 பேருக்கு நோய் கண்டு 3 பேர் மாண்டனர். இறப்பு வீதம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அறிவியல் மாணவன் எவனும் இந்தக் கணக்கின் அழகை உணராமல் இருக்க முடியாது. பெருநகரத்தில் பல ஆண்டுகள் முயன்றும் கிடைக்காத தெளிவு, ஒரு சிற்றூரில் சில வாரங்களில் கிடைத்துவிட்டது.

ஆயினும் அந்த 26 என்ற எண்ணைக் கண்டு ஒரு கணம் நிற்கத்தான் வேண்டும். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஊசி, தம்பிக்கு இல்லை. மருந்து உறுதியாகப் பயன் தரும் என்று அன்று எவருக்கும் தெரியாது என்பது உண்மை. இருந்தாலும் அதைத் தெரிந்துகொள்வதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அந்த ஊரார். நாம் இன்று கைநீட்டிப் போட்டுக்கொள்ளும் எந்த ஊசியின் பின்னாலும் இப்படிப்பட்ட ஓர் உந்தேரா இருக்கிறது.

முல்கோவால்

சிற்றூர் ஒன்று ஹாப்கினுக்குப் புகழ் தந்தது. மற்றொரு சிற்றூர் அதைப் பறித்தது.

1902-ம் ஆண்டில் பஞ்சாப் அரசு பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. லட்சக்கணக்கானோருக்கு ஊசி போட வேண்டும். பரேல் ஆய்வுக்கூடம் இரவு பகலாக உழைத்தது. விரைவாக மருந்து செய்வதற்காக ஹாப்கின் செய்முறையில் ஒரு மாறுதல் செய்தார். அதுவரை புட்டிகளில் சேர்த்துவந்த கார்பாலிக் அமிலத்தை விட்டு, வெப்பத்தை மட்டுமே நம்பினார். பாரிசில் பாஸ்டர் நிலையத்திலும் வெப்ப முறையே வழங்கிவந்தது. ஆனால் அரசின் முன் அனுமதியை அவர் பெறவில்லை.

அக்டோபர் 30-ம் நாள், பஞ்சாபின் முல்கோவால் என்னும் ஊரில் ஐந்து புட்டிகளிலிருந்து 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரு வாரத்தில், 53-என் என்று எண்ணிட்ட ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேருக்கும் தாடை இறுகியது. உடல் வில்லாக வளைந்தது. ரண ஜன்னி என்னும் டெட்டனஸ் நோய். பத்தொன்பது பேரும் இறந்தனர். மற்ற நான்கு புட்டிகளிலிருந்து பெற்ற எவருக்கும் தீங்கு இல்லை.

பம்பாய்த் தலைமை நீதிபதியின் தலைமையில் விசாரணைக் குழு அமர்ந்தது. புட்டி திறக்கப்படுவதற்கு முன்பே, அதாவது ஆய்வுக்கூடத்திலேயே, நஞ்சு கலந்துவிட்டது என்று அது முடிவு கூறிற்று. ஹாப்கின் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். 1904-ம் ஆண்டில் இங்கிலாந்து சென்றார். மருத்துவப் பட்டம் இல்லாதவர், அயல்நாட்டவர், யூதர் என்பவையெல்லாம் அவருக்கு எதிராக நின்றன என்று பின்னாளில் எழுதியவர் பலர்.

ஆனால் விசாரணையில் வெளிவந்த ஒரு சிறு செய்தி உரிய கவனம் பெறாமலே கிடந்தது. அந்தப் புட்டியைத் திறந்தபோது, தக்கையைப் பிடுங்கும் இடுக்கி உதவியாளரின் கையிலிருந்து தரையில் விழுந்தது. அதைத் தீயில் காட்டாமல், கிருமிநாசினியில் ஒருமுறை ஆட்டிவிட்டு அவர் மீண்டும் பயன்படுத்தினார். டெட்டனஸ் கிருமியின் வித்துக்கள் வாழும் இடம் மண். மேலும், அம்மருந்து புட்டியில் அடைக்கப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. டெட்டனஸ் கிருமி அத்தனை நாளும் உள்ளே வளர்ந்திருந்தால் புட்டி நாறியிருக்கும். திறந்த மருத்துவரோ நாற்றம் இல்லை என்று குறித்திருந்தார்.

மலேரியா ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் இந்த அநீதியைப் பொறுக்கவில்லை. 1907-ம் ஆண்டு ஜூலையில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில், ராஸ் உள்ளிட்ட பத்து அறிஞர்கள் கையொப்பமிட்ட கடிதம் வெளிவந்தது. பாராளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. அவ்வாண்டின் இறுதியில் ஹாப்கின்மீது இருந்த பழி நீங்கியது. ஐந்தாண்டுக் காலம் ஒரு மனிதர் சுமந்த பழி, ஓர் இடுக்கி மண்ணில் விழுந்த ஒரு நொடியில் பிறந்தது.

இக்கதையைச் சொல்பவர்கள் ஹாப்கினுக்கு நேர்ந்த அநீதியோடு நிறுத்திவிடுவது வழக்கம். அது போதாது. புட்டியின் எண்ணை நாம் அறிவோம்; இறந்த பத்தொன்பது பேரை எண்ணாக மட்டுமே அறிவோம். மருந்து பம்பாயில் எவ்வளவு தூய்மையாகச் செய்யப்பட்டாலும், அது மனித உடலில் நுழையும் இடம் ஏதோ ஓர் ஊரின் மரத்தடி. சங்கிலியின் கடைசிக் கண்ணி அங்கே இருக்கிறது. அந்தக் கண்ணியைப் பிடித்திருப்பவர் பெரிய அறிஞர் அல்லர். குறைந்த சம்பளம் பெறும் ஓர் உதவியாளர். அவருக்கு ஏன், எதற்கு என்று விளக்காமல், கட்டளை மட்டும் கொடுத்தால், நூறு அறிஞர்களின் உழைப்பும் அங்கே வீணாகிவிடும். நகரத்தில் ஒரு மருத்துவமனை தவறினால் மற்றொன்று உண்டு. சிற்றூரில் ஒருமுறை தவறினால் நம்பிக்கை முழுவதும் போய்விடுகிறது.

கடைசி ஆண்டுகள்

1907-ம் ஆண்டின் இறுதியில் ஹாப்கின் மீண்டும் இந்தியா வந்தார். கல்கத்தாவில் ஓர் ஆய்வுக்கூடம் அவருக்குக் கிடைத்தது. ஆனால் மனிதரிடையே சோதனை நடத்தும் உரிமை கிடைக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று மக்களிடையே பணி செய்தவரை நான்கு சுவர்களுக்குள் அடைத்தாயிற்று. உலகப் போர் மூண்ட காலத்தில் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தம் சமயத்தில் ஆழ்ந்து, தம் சேமிப்பையெல்லாம் யூதக் கல்விக்கு எழுதிவைத்து, 1930-ம் ஆண்டு அக்டோபர் 26-ம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.

பரேல் ஆய்வுக்கூடம் 1925-ம் ஆண்டில் ஹாப்கின் நிலையம் என்று பெயர் பெற்றது. அதற்குள் அங்கிருந்து இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட பிளேக் ஊசிகள் வெளியே சென்றிருந்தன. 1964-ம் ஆண்டில் இந்திய அரசு அவர் உருவத்துடன் அஞ்சல்தலை வெளியிட்டது.

நம் மலைகளும் ஹாப்கினும்

பிளேக் வடநாட்டோடு நிற்கவில்லை. 1898-ம் ஆண்டில் இரயில் பாதை வழியே பெங்களூரை எட்டிய அது, பின்னர் கோயமுத்தூரைப் பலமுறை தாக்கியது. அந்நகரில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உண்டு. அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே இரயிலில் ஏறினால் சில மணி நேரத்தில் கல்பாத்தி. இடுக்கி மலைகளின் கீழே விரிந்த கம்பம் பள்ளத்தாக்கிலும் பிளேக் நெடுங்காலம் தங்கியிருந்தது. 1930-களில் எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் பிடித்து ஆராய விஞ்ஞானிகள் அங்கே முகாமிட்டனர். தஞ்சைப் பகுதிகளிலிருந்து கணவாயைக் கடந்து வந்து கல்பாத்தியில் குடியேறியவர்களும் சரி, தேயிலை பறிக்க மூணாற்று மலையேறிய தமிழர்களும் சரி, மலைகளினூடேதான் சென்றனர். அந்த வழியில் நோயும் உடன் நடந்தது.

2020-ம் ஆண்டில் கோவிட் பரவியபோது, மூணாற்றுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் இடமலைக்குடி அனைவரையும் வியக்கவைத்தது. 2010-ம் ஆண்டில் அமைந்த, கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து அது. முதுவான் மக்கள் இருபதுக்கும் மேற்பட்ட குடிகளில் சிதறி வாழ்கிறார்கள். அவர்கள் தாங்களே கூடி முடிவு செய்து வெளியார் வரவைத் தடுத்தனர். தாங்கள் வெளியே செல்வதையும் சுருக்கிக்கொண்டனர். போய் வந்தவர்களைத் தனித்திருக்கச் செய்தனர். நாடெங்கும் இரண்டு அலைகள் வீசி முடிந்தபின், 2021-ம் ஆண்டு ஜூலையில்தான் அங்கே முதல் நோயாளிகள் பதிவாயினர். மருத்துவமனை இல்லாத ஊர் ஒன்றேகால் ஆண்டு தன்னைத் தானே காத்துக்கொண்டது. வெளியார் அதிகாரத்தால் அல்ல, ஊரார் இசைவால் இது நடந்தது.

பூனாவில் சட்டம் செய்ய முடியாததை உந்தேராவில் ஹாப்கின் செய்ய முடிந்ததும் இதே காரணத்தால்தான். மக்கள் தொகை குறைந்த இடங்களில் அதிகாரம் தூரத்தில் இருக்கிறது. இசைவு மட்டுமே அருகில் இருக்கிறது. அந்த இசைவைப் பெற அவர் மூன்று காரியங்கள் செய்தார். தம் கையில் முதலில் குத்திக்கொண்டார். அவர்களுடைய உணவு முறைக்கு ஏற்ப மருந்து செய்தார். வெற்றியையும் தோல்வியையும் மறைக்காமல் எண்ணி எழுதினார்.

தோழர்களே, நம்மில் பலர் இங்கே பட்டம் பெற்று நகரங்களில் ஆய்வுக்கூடங்களில் அமரப் போகிறோம். அது குற்றமன்று. ஆனால் நாம் செய்யும் மருந்தோ, கருவியோ, கணக்கோ இறுதியில் போய்ச் சேரும் இடம் அட்டப்பாடியிலோ இடமலைக்குடியிலோ ஒரு வீட்டுத் திண்ணையாக இருக்கலாம். அங்கே அதைக் கையில் எடுப்பவர் யார், அவருக்கு நாம் என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறோம், அந்த வீட்டார் நம்மை ஏன் நம்ப வேண்டும் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக. உந்தேராவின் இருபத்தாறு பேருக்கும், முல்கோவாலின் பத்தொன்பது பேருக்கும் நாம் பட்ட கடன் அது.